நான் பிடுங்கிய வால்டியூப்

அன்னவாசல்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. வெள்ளிக்கிழமை இரவு நீ போனில் பேசியபோது நான் வெறுமனே 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிட்டேன் என்று மருமகளிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். சொல்வதற்குப் பதில் இல்லாமல் இல்லை. பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகை வரும், நான் அழுதால் நீ உடனே 'சரிம்மா, விடும்மா' என்று இறங்கிவிடுவாய்; அந்த அழுகையை வைத்து இதுவரை உன்னிடம் எதையெல்லாம் சாதித்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால், தாளில் எழுதுவதே முறை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் வாங்கிக்கொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். ட்யூஷன் முடிந்து ஏழு மணிக்கு வர வேண்டிய பேத்தி ஏழே முக்காலுக்கு வந்திருக்கிறாள். அவளுடைய போனில் நீ போட்டுவைத்திருக்கும் செயலி, அந்த நேரத்தில் அவள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஜூஸ் கடையில் இருந்ததாகக் காட்டியிருக்கிறது. நீ போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாய். 'வேலையும் முடிஞ்சுபோச்சே, ஒரு மாசம் வந்து கூட இரும்மா, பாப்பாவை வளர்த்த மாதிரி இவளையும் கொஞ்சம் கட்டுப்பாடா வளர்த்துக் குடு' என்றாய். நீ இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே பின்னால் கதவு அறையும் சத்தமும், கிரிக்கெட் மட்டை தரையில் உருளும் சத்தமும் எனக்குக் கேட்டன. மணி எட்டேகால். பதினொரு வயதுப் பேரன் விளையாடிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் வருகிறான். 'போய்க் கைகாலைக் கழுவுடா' என்று அவனிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மகளைப் பற்றிய பேச்சைத் தொடர்ந்தாய். நடுவில் இப்படி ஒன்று வந்து போனதே உனக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் இருபது வருடங்களுக்கு முன்பு தெரிந்திருக்காது.

உன் தங்கை பாப்பாவை நான் வளர்த்த விதத்தை நீ ஒரு பெருமையாக நினைவில் வைத்திருக்கிறாய். அதைச் செய்தவள் என்ற முறையில், அது என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

நான் வயதுக்கு வந்தது 1979-இல், எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது. கொல்லையில் தென்னங்கீற்றில் குச்சு கட்டிப் பதினாறு நாள் உட்காரவைத்தார்கள். மாமன் சீர் வந்தது, ஒலிபெருக்கி கட்டினார்கள், ஊர் முழுக்க வந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனது. பதினேழாம் நாள் என் பள்ளிக்கூடப் பையைத் தேடினால், அதற்குள் உன் மாமனுடைய புத்தகங்கள் இருந்தன. 'இனிப் பள்ளிக்கூடம் போகாதே' என்று யாரும் என்னிடம் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது யாருக்கும் படவில்லை. ஒரு பெண் பெரியவளானதை ஒலிபெருக்கி வைத்து ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, மறுநாளிலிருந்து ஊர் கண்ணில் படாதே என்று அவளிடம் சொல்கிற வினோதத்தை நினைத்து அந்த வயதிலேயே நான் சிரித்திருக்கிறேன். சத்தம் போட்டுச் சிரிக்கத்தான் அனுமதி இல்லை.

அதன்பிறகு ஆறு வருடம் வீட்டுக்குள், பத்தொன்பதாவது வயதில் கல்யாணம், அடுத்த வருடம் நீ, உனக்கு இரண்டு வருடம் கழித்துப் பாப்பா. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது, எட்டாவது வரை படித்திருக்கிறாள் என்பதற்காக என்னைத் தொண்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னதால், இந்த மாவட்டத்தில் கல் உடைக்கிற பெண்கள், வயல்வேலை செய்கிற பெண்கள், நர்ஸுகள், பால்வாடி ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கானோர் பொட்டலில் விழுந்து எழுந்து சைக்கிள் பழகினோம். லேடீஸ் சைக்கிள் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. குறுக்கே பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்தான் நான் பழகினேன், பழகிய பிறகு பாப்பாவை அந்தப் பாரில் உட்காரவைத்துக்கொண்டு இரவு வகுப்புக்குப் போனேன். உனக்கு ஐந்து வயது. பின்னால் கேரியரில் உட்கார்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டிருப்பாய். ஒரு பெண் தானாக நினைத்து, யாரையும் கேட்காமல், கீரனூர்ச் சாலையில் ஐந்து மைல் போய்விட்டுத் திரும்ப முடியும் என்பது என் உடம்புக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தத் துணிச்சலில்தான் பத்தாவது தனித்தேர்வு எழுதித் தேறி, சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு வந்தேன்.

அப்படிப்பட்ட நான்தான் 2001-இல் பாப்பாவின் சைக்கிளிலிருந்து வால்டியூப்பைப் பிடுங்கினேன்.

அவளுக்குச் சடங்கு முடிந்து பத்து நாள் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர். நான் சீட்டுப் பணம் எடுத்து வாங்கிக்கொடுத்த பழைய சைக்கிளில்தான் போய்வந்தாள். உன் அத்தை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, 'வயசுக்கு வந்த பிள்ளை ஊரு பார்க்கச் சைக்கிள் மிதிச்சுக்கிட்டுப் போறது நல்லாவா இருக்கு?' என்று கேட்டார். மாவட்டமே அறிய மிதித்தவள் நான்; ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு, விளக்கைப் போடாமல், பின்சக்கரத்தின் மரையைக் கையாலேயே திருகிக் கழற்றி, பின்னை உருவி, அதன்மேல் மாட்டியிருந்த ஓர் அங்குல ரப்பர்க் குழாயை இழுத்தெடுத்து என் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன். காற்று முழுக்க இறங்கும் வரை அந்தச் சீறலை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தேன். காலையில் அவள் கேட்டபோது 'பஞ்சர் போல இருக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம்' என்றேன். அடுத்த வாரம் வரவே இல்லை. போகாதே என்று அவளிடம் நேராகச் சொல்ல எனக்கு முகம் இல்லை; என் அம்மா எனக்குப் பையை எடுத்ததுபோல நான் அவளுக்குக் காற்றை எடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் மற்றப் பெண்களோடு நடந்து போனாள். உன்னிடம் நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? 'கொஞ்சம் தள்ளி, தெரியாத மாதிரி பின்னால போ' என்றேன். உனக்குப் பதினைந்து வயது. நடந்து போகிற தங்கைக்குப் பின்னால் நீ சைக்கிளில் மெல்ல உருட்டிக்கொண்டு போவாய். சாயங்காலம் வந்து, யார் நின்றார்கள், யாரோடு பேசினாள், எந்தக் கடையில் ஜவ்வு மிட்டாய் வாங்கினாள் என்று ஒப்பிப்பாய். ஒப்பித்த நாளில் உனக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்திருக்கிறேன். இன்று உன் போனில் புள்ளியாக நகர்கிற அந்தச் செயலி இருக்கிறதே தம்பி, அதை முதலில் உனக்குள் போட்டவள் நான்தான். அண்ணனாக இருப்பது என்றால் தங்கையை வேவு பார்ப்பது என்று நீ கற்றுக்கொண்டது என் சமையற்கட்டில். ஒரு வீட்டில் மகளை அடக்குவதற்கு மகன் துணைக்காவலாகத் தேவைப்படுகிறான். அந்த வேலைக்குக் கூலியாகத்தான் அவனுக்கு வெளியே சுற்றும் உரிமை கிடைக்கிறது. கூலி வாங்கிப் பழகியவனுக்கு அது பிறவி உரிமைபோலத் தோன்றிவிடுவதில் வியப்பில்லை.

உன் அப்பா இதிலெல்லாம் எங்கே இருந்தார் என்று நீ கேட்கலாம். அவர் தன் வாழ்நாளில் பாப்பாவை ஒருமுறைகூடக் கடிந்துகொண்டதில்லை, அந்த நல்ல பெயரோடுதான் போய்ச் சேர்ந்தார். ஆறு மணிக்கு மேல் அவள் வீட்டில் இல்லையென்றால் சாய்வுநாற்காலியில் இருந்தபடியே தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். அந்தச் செருமலுக்கு நான் வாசலுக்கு ஓடுவேன். 1956-ஆம் வருடத்து இந்து இளவர் காப்புச் சட்டப்படி பிள்ளைகளுக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகுதான் தாய். 'பிறகு' என்பதைத் தகப்பன் செத்த பிறகு என்று மட்டும் படிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் ஒரு வழக்கில் விளக்கம் சொன்னது. சட்டம் எப்படியோ, நம் வீட்டில் அதிகாரம் அவருடையது, காவல் என்னுடையது. மகள் நன்றாக வளர்ந்தால் 'அவர் மகள்'. அவளைப் பற்றி ஒரு பேச்சு வந்தால் 'இவ வளர்த்த லட்சணம்'. பாப்பாவைவிட எனக்குத்தான் அந்தப் பேச்சின் மேல் பயம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது. முள்ளின்மேல் சேலை விழுந்தாலும் சேலையின்மேல் முள் விழுந்தாலும் சேலைக்குத்தான் சேதம் என்று நானும் குழாயடியில் நின்று சொல்லியிருக்கிறேன். சேதம் சேலைக்கு என்றால் முள்ளை அல்லவா வெட்ட வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. முள்ளைப் பெற்றவர்களும் நாங்கள்தானே.

என் வேலையில் இதை நான் வருடா வருடம் பார்த்தேன். சத்துணவு பத்தாவது வரைக்கும் உண்டு. ஆறாவது, ஏழாவதில் தட்டேந்தி நிற்கும் வரிசையில் பெண்கள்தான் சத்தமாக இருப்பார்கள். எட்டாவது முடிந்து கோடை விடுமுறை கழிந்து பார்த்தால் அந்தச் சத்தத்தில் நாலைந்து குரல்கள் குறைந்திருக்கும். விசாரித்தால் ஒருத்திக்குக் கல்யாணம் பேசியிருப்பார்கள், ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றிருப்பாள், இன்னும் கொஞ்சம் வளர்ந்த இரண்டு பேரைத் தரகர் வந்து கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குக் கூட்டிப் போயிருப்பார். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்ற ஏற்பாட்டுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பகலும் இரவும் மாறி மாறி ஷிப்ட், வெளியே போகத் தடை, வீட்டுக்குப் பேசவும் கணக்கு வைத்த நிமிடங்கள். இவையெல்லாம் தெரிந்தும் பெற்றவர்கள் எதற்காக அனுப்பினார்கள் என்றால், பணம் பாதிக் காரணம். 'அங்கே கட்டுப்பாடா வச்சிருக்காங்க' என்பது மீதிப் பாதி. இதே வீடுகளில் ஆண் பிள்ளை படிப்பை விட்டான் என்றால் அவன் விட்டதாகத்தான் இருக்கும், யாரும் நிறுத்தியதாக இருக்காது. இதில் அரசாங்கமே தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் கல்யாணத்துக்கென்று கொடுத்துவந்த உதவியை, பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்த்துக் கொடுத்ததை, 2022-இல் அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி போகும் மாதங்களுக்கு ஆயிரம் ரூபாய் என்று மாற்றி, அவரவர் வங்கிக் கணக்கிலேயே போடுகிறது. நான் மாற்றிக்கொள்ளத் தாமதமானது ஒன்றும் பெரிய அதிசயமில்லை என்று சில நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

இனி உன் விஷயம். ஆண் பிள்ளை என்பதால் உன்னைச் சுதந்திரமாக விட்டோம் என்று நீ நம்புகிறாய். சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவுவான் என்று ஊரும் அப்படித்தான் சொல்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு உன்னை யாரும் தேடவில்லை என்பது மட்டும்தான் அதில் உண்மை. பன்னிரண்டாவது முடித்ததும் நீ திருச்சியில் தமிழ் இலக்கியம் படிக்க விண்ணப்பம் வாங்கிவைத்திருந்தாய். அது எங்கே போயிற்று என்று நீ கடைசி வரை தேடினாய். அடுப்பில் போட்டது நான், போடச் சொன்னது உன் அப்பா. 2004-இல் நீ பொறியியல் கலந்தாய்வுக்குச் சென்னை போகும் பேருந்தில் ஏறியபோது உன் முகத்தை நான் பார்க்கவில்லை. டிபன் பையைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அதே வருடம் பாப்பா கணிதம் படிக்க விரும்புவதாகச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. அவள் எதைப் படித்தாலும் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்தானே என்ற அலட்சியம்தான் அங்கே அவளுக்குச் சுதந்திரமாக வாய்த்தது.

உனக்கு வேலை கிடைத்தபோது ஏ.டி.எம். அட்டை அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. பாப்பாவுக்கு முடித்த பிறகுதான் உனக்கு என்று முறை சொன்னோம். 2008 ஆவணியில் அவள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை நீ மூன்று வருடம் கட்டினாய். நடுவில், கல்லூரியில் உன்னோடு படித்த அந்தப் பெண்ணைப் பற்றி நீ என்னிடம் மட்டும் சொன்னாய். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, 'என்ன ஆளுங்க?' என்றுதான் கேட்டேன். நீ சொன்னதும் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, மூன்று நாள் சாப்பிடாமல் அழுதேன். நான்காம் நாள் நீ 'சரிம்மா, விடும்மா' என்றாய். மகளுக்குப் பூட்டு, மகனுக்குக் கண்ணீர் என்று இரண்டு சாவியை வைத்துக்கொண்டிருந்தேன் தம்பி, இரண்டும் ஒரே கொத்தில்தான் தொங்கின. மகளை இன்னொரு வீட்டில் ஒப்படைக்கும் வரை அவள் உடம்பையும் நேரத்தையும் காத்தோம், ஒப்படைத்ததும் எங்கள் வேலை முடிந்தது. உன்னிடம் கேட்டது ஆயுளுக்கும் உரியது: படிப்பு, சம்பளம், கல்யாணம், கொள்ளி. மருமகள் தங்கமான பெண், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அவளை உனக்குக் கொடுத்தது உன் விருப்பம் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை அவளும் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், அவளுக்கும் இதே கதை உண்டு.

2016-இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட அந்தப் பிள்ளையை வெட்டிய காட்சி தொலைக்காட்சியில் வந்தபோது, நம் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் 'பெத்த வயிறு எரியாதா?' என்றார். நான் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தேனே ஒழிய, மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடியில் நான் உட்கார்ந்திருந்ததற்கும் அந்த அரிவாளுக்கும் தூரம் இருக்கிறது, ஆனால் வழி ஒன்றுதான் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வருடம் கேரள உயர் நீதிமன்றம், இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி தானாகச் செய்துகொண்ட திருமணத்தைச் செல்லாது என்று சொல்லி, கல்யாணமாகாத மகள் முறைப்படி மணமாகும் வரை பெற்றோர் பொறுப்பில் இருப்பதே இந்திய மரபு என்ற கருத்தில் எழுதியது. சேலத்தில் ஹோமியோபதி படித்த பெண் அவள். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வயதுவந்த ஒருவர் யாரை மணக்க வேண்டும் என்பது அவருடைய உரிமை என்றது. இருபத்துநான்கு வயது மகனைப் பற்றி ஒரு நீதிமன்றம் அப்படி எழுதியிருக்குமா என்று யோசித்துப் பார். எழுதாது, மகனை அடக்க நீதிமன்றம் தேவையில்லை, கிணற்றடி போதும்.

கட்டுப்பாடாக வளர்ந்த பெண் என்றாயே, அந்த வளர்ப்பின் பலனை நீ உன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாய், பார்த்ததாகத் தெரியாமல். அப்பா காலமான மறுவருடம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பாப்பா உனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாள். எழுத்தர் நீட்டிய ஒவ்வொரு பக்கத்திலும், எந்த வரியையும் படிக்காமல், விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கணிதத்தில் பட்டம் வாங்கியவள். சர்வே எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. 'நல்ல பிள்ளை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசல' என்று எழுத்தர் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் கதையும் அதுவே. தமிழ்நாட்டில் 1989-இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தபோது, அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் மணமானவர்களுக்கு இல்லை என்றார்கள். எனக்கு நான்கு வருடம் முன்பே மணமாகியிருந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தபோது, என் கையெழுத்து உன் மாமனின் பத்திரத்தில் ஏற்கெனவே காய்ந்திருந்தது. சட்டம் கொடுப்பதை வாங்கக் கை நீள வேண்டும் அல்லவா, அந்தக் கையைத்தான் பதின்மூன்று வயதிலிருந்து மடக்கப் பழக்குகிறோம்.

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறொன்று. மூன்று வருடங்களுக்கு முன்பு பாப்பா இங்கே வந்திருந்தபோது, புளி உரித்துக்கொண்டே, ஏதோ பழைய சினிமாவைப் பற்றிச் சொல்வதுபோல ஒன்று சொன்னாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, நமக்குத் தெரிந்த, நம் வீட்டில் காப்பி குடித்துப் பழகிய ஒரு மனிதர், பேருந்தில் தினமும் அவள் பின்னால் வந்து நின்று தொல்லை கொடுத்திருக்கிறார். எட்டு மாதம். 'ஏன்டி என்கிட்ட சொல்லல?' என்று கேட்டேன். 'சொன்னா நீ காலேஜை நிறுத்திருவன்னு பயந்து சொல்லலம்மா' என்றாள். அவள் சொன்னது சரி. நான் நிறுத்தியிருப்பேன். அந்த மனிதரை ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டேன், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று. வெளியே இருக்கிற ஆபத்துக்காகக் கட்டுப்பாடு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். குழந்தைகள்மீது நடக்கிற பாலியல் குற்றங்களில் பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான் கைவைக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு வருடமும் காவல்துறைக் கணக்கே சொல்கிறது. அந்தத் தெரிந்த மனிதரிடமிருந்து தப்ப அவளுக்கு இருந்த ஒரே வழி என்னிடம் வந்து சொல்வது, அந்த வழியை அடைத்துவைத்திருந்தது என்னுடைய கட்டுப்பாடு. உன் வரைபடத்தில் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கும் தம்பி. பேருந்துக்குள் அந்தப் புள்ளிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதை அது காட்டாது.

ஆகவே பதினான்கு வயதுப் பிள்ளையை அவிழ்த்துவிடு என்று நான் எழுதுவதாக நினைக்காதே. நாற்பத்தைந்து நிமிடம் தாமதம் என்றால் கேட்கத்தான் வேண்டும். கேள், பதிலைச் சொல்லி முடிக்க விடு, நம்பு. ஏழு மணி என்று ஒரு நேரம் வைத்தால் பேரனுக்கும் அதே ஏழு மணி. போனில் செயலி வேண்டும் என்றால் அவனுக்குப் போன் வாங்கிக்கொடுக்கும் நாளில் அவனுக்கும் அது உண்டு என்று இன்றைக்கே இருவர் முன்னாலும் சொல். 2022-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள், விடுதியில் இரவு ஒன்பதரைக்குப் பிறகு தங்களை மட்டும் ஏன் அடைக்கிறீர்கள் என்று வழக்குப் போட்டார்கள். பெண்களை மட்டும் பூட்டுவது ஏன் என்று அதே கேரள உயர் நீதிமன்றம்தான் கேட்டது. ஐந்து வருடத்தில் ஒரு நீதிமன்றத்தின் குரல் இவ்வளவு மாற முடியும் என்றால் அம்பத்தூரில் ஒரு வீட்டில் மாறக் கூடாதா? பேரனைப் பற்றி எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. அக்கா வீட்டுக்கு வந்த நேரத்தை அவன் உன்னிடம் சொல்லிக்கொடுக்கிறானா என்று மருமகளைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே 'ஆமா அத்தை' என்றாள். அவனுக்குக் கூடுதல் முட்டை வைக்கிறீர்களா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

வால்டியூப்பைப் பற்றிப் பாப்பாவிடம் அன்று, அந்தப் புளிக்கூடைக்கு முன்னால், நானும் ஒப்புக்கொண்டேன். 'தெரியும்மா' என்றாள். அவளுடைய ஜாமெட்ரி பெட்டியில் மாற்று வால்டியூப் ஒன்று அப்போதே இருந்ததாம், கடையில் நாலணாதானே. மாட்டியிருந்தால் அடுத்ததாக நான் சைக்கிளையே விற்றுவிடுவேன் என்று மாட்டாமல் விட்டாளாம். பத்தாவது முடிகிற வரை அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டே நடந்திருக்கிறாள்.

பத்திரத்தைப் பற்றி நேரில் பேசுவோம். மூலப் பத்திரங்களை எடுத்து வருகிறேன். அவள் பங்கை அவள் பெயருக்குத் திருப்பி எழுதுவதற்கு ஆகும் செலவை என் சேமிப்பிலிருந்து தருகிறேன், நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுப் போடு. அவளும் படிக்கட்டும்.

சனிக்கிழமை காலைப் பல்லவன் ரயிலில் வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன், காவலுக்கு இல்லை. பீரோவில் இருக்கும் போனை நான் வருவதற்கு முன்பே பேத்தியிடம் கொடுத்துவிடு. எழும்பூருக்கு நீ வர வேண்டாம், மருமகளும் வர வேண்டாம். இரண்டு பைதான் இருக்கும், ஒன்றில் முறுக்கு. பேத்தியை அனுப்பு. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் நிலையத்துக்கு நடந்து, வேறு ரயில் பிடித்தால் அடுத்த நிலையம் எழும்பூர் என்று அவளிடம் சொல், அவளுக்கே தெரிந்திருக்கும். தனியாக வரட்டும். அவள் வந்து சேரும் வரை நீ போனைப் பார்க்காமல் இரு.

இப்படிக்கு,
அம்மா